நீலகிரி மலை ரயில்: என்ஜின் பராமரிப்பை அளவுகோலாக வைத்து ஒரு மதிப்புரை

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குப் புறப்படும் நீலகிரி மலை ரயிலைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் அருவி, குகை, தேயிலைத் தோட்டம், குளிர் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை எல்லாம் அந்தப் பாதையில் உண்டு, நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் இந்த வண்டியில் நான் ஐந்து முறை ஏறியதற்குக் காரணம், பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அவற்றை மலைமேல் தள்ளிச் செல்லும் எக்ஸ் வகை நீராவி என்ஜின்தான். நூறாண்டுக்கு முந்தைய வடிவமைப்பில் அமைந்த ஓர் என்ஜினைக் கண்ணாடிக்குள் வைக்காமல், கால அட்டவணைப்படி ஓடும் பயணிகள் வண்டிக்கு நாள்தோறும் அனுப்பிவைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதைக் கொஞ்சம் அறிந்தவன் என்ற முறையில், இந்தச் சேவையை அதன் என்ஜின்கள் எப்படிப் பேணப்படுகின்றன என்பதை வைத்தே மதிப்பிட விரும்புகிறேன்.

அந்தக் கொஞ்ச அறிவும் என் பெரியப்பா கொடுத்தது. அவர் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் மீட்டர்கேஜ் நீராவி என்ஜின்களின் கொதிகலன் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதல் பயணத்தில் வண்டி கல்லாறு நிலையத்தை விட்டுக் கிளம்பியபோது, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் தோளைத் தொட்டு, "வேடிக்கையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், இப்ப சத்தத்தைக் கேளுடா" என்றார். அதுவரை ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்த என்ஜின், நடை வேகத்துக்கும் கீழே தணிந்து, ஒரு சிறு குலுக்கலுடன் பல் தண்டவாளத்துக்குள் நுழைந்தது; அடுத்த சில நொடிகளில் முதல் தாளத்தோடு இரண்டாவது தாளம் ஒன்று சேர்ந்துகொண்டது. இந்தப் பயணத்தின் மையம் அந்த இரண்டாவது தாளத்தில் இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன்.

அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லாமல் பராமரிப்பைப் பற்றிப் பேச இயலாது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் 1,700 மீட்டருக்கு மேல். இந்த ஏற்றத்தின் பெரும்பகுதியை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் வண்டி ஏறிக் கடக்கிறது. சரிவு சில இடங்களில் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் நம்பகமாகப் பிடிக்காது. எனவே ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் 1880களில் உருவாக்கிய முறைப்படி, இரு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்றின் பல் மற்றொன்றின் பல்லிலிருந்து சரியாக அரைப்பல் இடைவெளி தள்ளி அமைந்திருப்பதால், எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் என்ஜினின் பினியனை, அதாவது அடியில் உள்ள பற்சக்கரத்தை, தாங்கிக்கொண்டே இருக்கும்.

இதற்கேற்ற என்ஜினை வின்டர்தூர் நகரத்தில் இருந்த ஸ்விஸ் லோகோமோட்டிவ் ஆலை 1914 தொடங்கிக் கட்டி அனுப்பியது. கடைசித் தொகுதி 1952இல் வந்தது. ஒவ்வோர் என்ஜினிலும் நான்கு உருளைகள் (சிலிண்டர்கள்). கீழே உள்ள இரண்டு உயர் அழுத்த உருளைகள் சாதாரணச் சக்கரங்களை இயக்குகின்றன. மேலே உள்ள இரண்டு தாழ் அழுத்த உருளைகள் பினியன்களை இயக்குகின்றன. சமதளத்தில் கீழ் உருளைகள் மட்டும் வேலை செய்து நீராவியைப் புகைபோக்கிக்கு அனுப்பிவிடும். பல் தண்டவாளம் வந்ததும் அதே நீராவி வெளியேறாமல் மேல் உருளைகளுக்குப் போய் இரண்டாம் முறை உழைக்கும். அதாவது, ஓர் என்ஜினுக்குள் இரண்டு என்ஜின்கள் இருக்கின்றன. பயணிக்கு இது இரண்டு தாளம். பராமரிப்பவருக்கோ இரண்டு மடங்கு வால்வு, இரண்டு மடங்கு பிஸ்டன் வளையம், இரண்டு மடங்கு தேய்மானம்.

பினியன் பற்களை எடுத்துக்கொள்வோம். வண்டி மலையேறும்போது பல்லின் ஒரு முகம் சுமையைத் தாங்குகிறது என்றால், இறங்கும்போது மறுமுகம் தாங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பெரியப்பா ஒரு தாளில் படம் வரைந்து காட்டிய பிறகுதான் புரிந்தது: ஏறினாலும் இறங்கினாலும் என்ஜினைக் கீழே இழுப்பது மலைச்சரிவு ஒன்றே, ஆகவே சுமை விழுவதும் பல்லின் ஒரே முகத்தில்தான். ஓய்வே இல்லாத முகம் அது. இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண என்ஜினில் சக்கரத்தின் டயர் தேய்ந்தால் கடைசல் இயந்திரத்தில் கடைந்து சீராக்கி, விட்டம் சிறிது குறைந்தாலும் மீண்டும் ஓட்டலாம். பல் என்ஜினில் சக்கர விட்டம் குறைந்தால் பினியன் தாழ்ந்து பல் சட்டத்துக்குள் ஆழமாக இறங்கிவிடும். பல் இடுக்கில் விடவேண்டிய இடைவெளி போய்விடும். எனவே மற்ற என்ஜின்களில் தாராளமாக விடக்கூடிய தேய்மானத்தை இங்கே மில்லிமீட்டர் கணக்கில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு பயணியின் கண்ணுக்கு என்றுமே படாத இந்த அளவெடுப்பு ஒழுங்காக நடப்பதால்தான், கல்லாறு நுழைவில் நாம் உணர்வது ஒரு சிறு குலுக்கலோடு முடிந்துவிடுகிறது.

அன்றாடப் பராமரிப்பின் இதயம் குன்னூர் லோகோ ஷெட். நிலையத்தை ஒட்டியே இருப்பதால், என்ஜின் மாற்றும் நேரத்தில் நடைமேடையின் ஓரத்திலிருந்து அதைப் பார்க்கலாம். இங்கே என்ஜின்களை நிர்வகிப்பது என்பது, என் பார்வையில், ஒரு கூட்டுக் குடும்பத்தில் யார் எந்த வேலைக்குப் போவது என்று முறை வைப்பதைப் போன்றது. காலை வண்டிக்கு ஒரு என்ஜின் நீராவியோடு தயாராக நிற்க வேண்டும். அதற்கு ஏதாவது நேர்ந்தால் ஏற்றுக்கொள்ள இன்னொன்று கைவசம் இருக்க வேண்டும். வேறொன்று கொதிகலன் கழுவலுக்காகக் குளிர்ந்துகொண்டிருக்கும். இன்னொன்று பெரிய பழுதுபார்ப்புக்காகத் திருச்சியில் பிரிந்து கிடக்கும். ஆக, நாம் பார்க்கும் ஒரே ஒரு வண்டியை ஓட்டக் குறைந்தது நான்கு என்ஜின்களாவது வேண்டும். டீசல் என்ஜினைப் போல வேறு ஊரிலிருந்து ஒன்றை அவசரத்துக்கு வரவழைக்கவும் முடியாது. இந்தியாவில் இந்தப் பல் தண்டவாளத்தில் ஏறக்கூடிய என்ஜின் வேறெங்கும் ஓடவில்லை.

கொதிகலன் கழுவல் என்றால் வெறும் தண்ணீர் அடிப்பது என்று நினைப்பவர்கள் உண்டு. நெருப்பை அணைத்து, கொதிகலனை அவசரப்படாமல் ஆறவிட்டு, மூலைகளில் உள்ள அடைப்புத் திருகுகளைக் கழற்றி, அடியில் படிந்த சேற்றையும் சுண்ணாம்புப் படிவையும் குழாய் நீரால் அடித்துக் கிளறி வெளியேற்ற வேண்டும். படிவு தங்கிவிட்டால் அந்த இடத்தில் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. தகடு காய்ந்து வலுவிழக்கும். ஆறவைப்பதில் அவசரம் காட்டினாலோ, தகடுகள் சமமின்றிச் சுருங்கி இணைப்புகளில் கசிவு தொடங்கும். நெருப்பறையையும் வெளிக்கூட்டையும் பிணைத்து நிற்கும் ஸ்டே போல்ட்டுகளின் நடுவே நுண்துளை ஒன்று இடப்பட்டிருக்கும். உள்ளே அந்த போல்ட் முறிந்தால் துளை வழியே நீராவி கசிந்து காட்டிக்கொடுக்கும். கசிவைக் கண்டவுடன் துளையை அடைத்துவிட்டு ஓட்டுபவன் கொலைகாரன் என்று பெரியப்பா கடுமையாகச் சொல்வார். நெருப்பறையின் கூரையில் ஈயம் நிரப்பிய திருகு ஒன்று உண்டு. தண்ணீர் மட்டம் கூரைக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகி, நீராவி உள்ளே பாய்ந்து எச்சரிக்கும். மலைச்சரிவில் கொதிகலனே சாய்ந்து நிற்பதால், முன்னே ஒரு மட்டமும் பின்னே ஒரு மட்டமுமாகத் தண்ணீர் இருக்கும். கண்ணாடிக் குழாயில் தெரியும் அளவை அப்படியே நம்பாமல், எந்த வளைவில் எந்தச் சரிவில் அது எவ்வளவு காட்ட வேண்டும் என்பதை ஓட்டுநரும் ஃபயர்மேனும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். அந்த அறிவைப் பக்கத்தில் நின்று பல மாதங்கள் பார்த்துத்தான் பெற முடியும்.

பெரிய பழுதுபார்ப்புக்கு என்ஜின்கள் பொன்மலைக்குப் போகின்றன. தென்னிந்திய ரயில்வே தன் முதன்மைப் பணிமனையை நாகப்பட்டினத்திலிருந்து 1920களில் அங்கே மாற்றியது. அந்தப் பணிமனையின் நினைவாற்றலே நீலகிரி ரயிலின் காப்பீடு என்பேன். கொதிகலனைச் சட்டகத்திலிருந்து தூக்கி எடுத்து, குழாய்களை உருவி, தகடுகளின் தடிமனை அளந்து, புதுக் குழாய்களைத் தகட்டுத் துளையில் விரித்துப் பொருத்தி, நீரழுத்தச் சோதனை முடித்து, மீண்டும் நீராவி ஏற்றிப் பார்க்கும் வேலைகளைத் தெரிந்த கைகள் நாட்டில் பெருமளவு குறைந்துவிட்ட காலத்தில், அங்கே அவை தொடர்ந்து இருக்கின்றன.

இருப்பதைச் சீர்செய்வதோடு பொன்மலை நிற்கவில்லை. பழைய ஸ்விஸ் என்ஜின்களின் சட்டகங்களும் கொதிகலன்களும் எல்லை மீறித் தேய்ந்தபோது, 2011 முதல் 2014 வரையிலான காலத்தில் எண்ணெயில் எரியும் நான்கு புதிய எக்ஸ் வகை என்ஜின்களை அது கட்டியது. 2021இல் நிலக்கரியில் எரியும் புதிய என்ஜின் ஒன்றையும் கட்டி அனுப்பியது. வின்டர்தூர் ஆலை இன்று அந்த வடிவில் இல்லாத நிலையில், ஏறத்தாழ 50 டன் எடையுள்ள, நீராவியை இருமுறை உழைக்கவைக்கும் நான்கு உருளைப் பல் என்ஜினை இங்கேயே முழுமையாகச் செய்து முடித்தது தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் பெரிதாகக் கொண்டாடப்பட வேண்டிய சாதனை. அது போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

புதிதாகக் கட்டிய என்ஜின் எப்படி மரபுச் சின்னமாகும் என்று சிலர் கேட்கிறார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்கெனவே இருந்த டார்ஜிலிங் மலை ரயிலுடன் இந்தப் பாதையும் 2005இல் சேர்க்கப்பட்டது என்பதால் கேள்வி நியாயமானதே. என் பதில் இது: ஓடும் நீராவி என்ஜினில் எந்தப் பாகமும் நிரந்தரமானதாக ஒருபோதும் இருந்ததில்லை. குழாய்கள் மாறும், டயர்கள் மாறும், நெருப்பறை மாறும், ஒரு கட்டத்தில் கொதிகலனே மாறும். அப்படி மாற்றுவதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. ஸ்விஸ் நாட்டவரே 1992 தொடங்கி பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மலைப்பாதைக்கு எண்ணெயில் எரியும் புதிய நீராவிப் பல் என்ஜின்களை அதே வின்டர்தூரில் கட்டினார்கள். தேருக்குப் புது வடமும் புதுச் சக்கரமும் பூட்டினால் அது பழைய தேர் இல்லை என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. அதே வேளையில், வின்டர்தூரில் பிறந்த மூல என்ஜின்களுள் ஒன்றையாவது பூங்காவில் நிறுத்தி வண்ணம் அடிக்காமல், நீராவி ஏறும் நிலையில் என்றும் வைத்திருக்க வேண்டும் என்பதிலும் நான் உறுதியாக இருக்கிறேன். புதியதைச் செப்பம் பார்க்க மூலம் வேண்டும்.

பராமரிப்புத் தொடர்ச்சி அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த என்ஜின்களின் உறவினர்களே சாட்சி. எக்ஸ் வகை முதலில் பிறந்த அதே ஆண்டுகளில், அதே ஆலை ஸ்விட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதைக்கும் பல் என்ஜின்களைக் கட்டியது. அந்தப் பாதை மின்மயமான பிறகு அவற்றுள் நான்கு, 1947இல் வியட்நாமின் தலாத் மலைப்பாதைக்கு விற்கப்பட்டன. அங்கேயும் நம்முடையதைப் போன்றே மீட்டர்கேஜில் ஆப்ட் பல் தண்டவாளம். அதற்கென்றே வின்டர்தூரில் செய்த பெரிய என்ஜின்களும் இருந்தன. போர் அந்தப் பாதையை நிறுத்தியது. என்ஜின்கள் துருப்பிடித்துக் கிடந்தன. 1990இல் ஸ்விஸ் ஆர்வலர்கள் வியட்நாம் சென்று, மிஞ்சியிருந்தவற்றை லாரியிலும் கப்பலிலும் ஏற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஃபுர்காவின் பழைய என்ஜின்கள் இரண்டு ஜெர்மனியின் மைனிங்கன் நீராவிப் பணிமனையில் உயிர்பெற்றன. பெரிய வகை என்ஜின் ஒன்று மீண்டும் ஓடுவதற்குத் தன்னார்வலர்களின் உழைப்பு கால் நூற்றாண்டுக்கும் மேல் தேவைப்பட்டது. இன்று அவை ஃபுர்கா பாதையில் கோடையில் சில மாதங்கள் ஓடுகின்றன. அவர்களுடைய பொறுமையை நான் வணங்குகிறேன். ஆனால் நீலகிரியில் இந்த மீட்புப் பயணம் எதுவும் தேவைப்படவில்லை; 1914இல் வந்த வகை, ஷெட்டிலிருந்து பாதைக்கும் பாதையிலிருந்து ஷெட்டுக்குமாக, அறுபடாத அறிவோடு இன்றுவரை வந்து சேர்ந்திருக்கிறது.

எரிபொருள் விஷயத்தில் என் கருத்து சற்று மாறியிருக்கிறது. நிலக்கரிப் புகையின் மணம் இல்லாமல் நீராவி வண்டியா என்று முன்பு நானும் சொன்னவன்தான். கல்லாறுக்கு மேலே பாதை அடர்ந்த காட்டுக்குள் செல்கிறது. யானைகள் நடமாடும் இடம். கோடையில் காய்ந்த சருகில் ஒரு தீப்பொறி விழுந்தால் நேரக்கூடியதை எண்ணிப் பார்த்தால், எண்ணெய்க்கு மாறியதன் நியாயம் விளங்கும். தரம் குறைந்த நிலக்கரியில், நடு ஏற்றத்தில் நீராவி போதாமல் வண்டி நிற்பதும் எண்ணெயில் குறைவு. ஆனால் எண்ணெய் நெருப்புக்குத் தனிக் குணம் உண்டு. நிலக்கரிப் படுகை மெல்லச் சூடேற்றி மெல்லத் தணியும். எண்ணெய்ச் சுடர் ஒரு திருகைத் திருப்பியவுடன் சீறும், உடனே அணையும். இந்த ஏற்ற இறக்கம் நெருப்பறைத் தகடுகளையும் குழாய் முனைகளையும் பதம் பார்ப்பதால், உள்ளே தீச்செங்கல் அடுக்கிச் சுடர் நேரடியாகப் படாமல் காக்க வேண்டியிருக்கிறது. அந்தச் செங்கலே பிறகு ஒரு பராமரிப்பு வேலையாகிவிடுகிறது. நிலக்கரியில் எரியும் என்ஜினையும் மீண்டும் கட்டியிருப்பதை, பழைய கலை அழியாமல் இருக்க எடுத்த நல்ல முடிவாகவே பார்க்கிறேன். கரியை எங்கே எவ்வளவு வீசுவது என்று அறிந்த ஃபயர்மேன், அந்த வேலை இருக்கும்வரைதான் உருவாவார்.

ஒரு விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். குன்னூரிலிருந்து உதகமண்டலம் வரை வழக்கமான வண்டிகளை இப்போது டீசல் என்ஜின் இழுக்கிறது. அப்பகுதியில் பல் தண்டவாளம் இல்லை, சரிவும் குறைவு. நிர்வாகக் கணக்கில் டீசல் பொருத்தமானது என்பதை மறுக்கவில்லை. எக்ஸ் என்ஜின்களின் ஆயுளை ஏற்றத்துக்கென்று சேமிப்பதும் ஒரு வகையில் நல்ல மேலாண்மையே. இருந்தாலும், புதிய என்ஜின்கள் கூடியிருக்கும் இந்நாளில், லவ்டேல் வளைவுகளில் நீராவி வண்டி வாரம் ஒரு முறையாவது வழக்கமாக ஓடும்படி ஒரு முறையை வகுத்தால், அதற்குக் கூடுதல் கட்டணம் கொடுக்கவும் நான் தயார். பெட்டிக்குள் அன்றைய என்ஜினின் எண், கட்டப்பட்ட ஆண்டு, கடைசியாகப் பொன்மலைக்குப் போய் வந்த தேதி ஆகிய மூன்றையும் ஒரு பலகையில் எழுதிவைத்தால், குழந்தைகள் மலையைப் பார்ப்பதோடு இயந்திரத்தையும் கேட்டறிவார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். விடுமுறைக் காலத்தில் இருக்கைகள் விரைவில் முடிந்துவிடும் என்பதால் முன்பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மண்சரிவால் சேவை நிறுத்தப்படுவது வழக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை திட்டமிடுபவர்கள் மாற்று ஏற்பாட்டோடு வர வேண்டும். எல்லோரும் காட்சிக்காக முன்பெட்டியைத் தேடுகிறார்கள். என்ஜினைக் கேட்க விரும்புபவர்கள் மலையேறும்போது கடைசிப் பெட்டியில் இடம் பிடியுங்கள். இரண்டு தாளங்களும் தனித்தனியாகக் காதில் விழும். ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் பிடிக்கும் நிறுத்தத்தில் தேநீருக்கு ஓடாமல், ஊழியர்கள் கையில் எண்ணெய்க் குவளையோடு இணைப்புத் தண்டுகளைச் சுற்றி வருவதைப் பாதுகாப்பான தூரத்தில் நின்று பாருங்கள். பெட்டிகளின் மேடைகளில் நிற்கும் பிரேக்ஸ்மேன்களையும் கவனியுங்கள். என்ஜினின் பிரேக்குகளைத் தவிர ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மனிதர் இன்னும் கையால் பிரேக் பிடிக்கும் வண்டி இது.

மூன்று மணி நேரத்துக்கு மேல் மலையைத் தள்ளி ஏறிய பிறகு, குன்னூரில் எக்ஸ் என்ஜின் பெட்டிகளை விட்டுப் பிரிகிறது. கடந்த முறை நான் இறங்கி நடைமேடையின் கோடிவரை நடந்தேன். ஷெட்டுக்கு வெளியே என்ஜின் நின்றதும், நீலச் சட்டை அணிந்த ஊழியர் ஒருவர் குனிந்து, ஒவ்வொரு அச்சுத் தாங்கியின் மேலும் தன் புறங்கையை வைத்து வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே போனார். உள்ளங்கையை வைத்து அது சுட்டுவிட்டால் வேலை செய்ய முடியாது, புறங்கை சீக்கிரம் உணரும் என்று பெரியப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. ஐந்தாவது தாங்கியில் அவர் கை சற்று நேரம் நின்றது. சட்டைப் பையிலிருந்து சாக்குக் கட்டியை எடுத்து அதன்மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்தார்.